முக்கால் மணித்தியாலம் முந்தி வந்த வால்வெள்ளி

அக்கா செத்து முப்பத்தோராம் நாள் காரியமும் முடிஞ்சுது. அக்காவின்ர நினைவு மலர் இப்ப உங்கள் எல்லாற்ற வீட்டிலயும் ஒவ்வொண்டு கிடக்கும். ரீவிக்குக் கீழயோ, காரின்ர பின் சீற்றிலயோ. முன் மட்டையில அக்காவின்ர படம், உள்ளுக்குத் தேவாரம், பிறகு கோயில் தலைவர் எழுதின இரங்கல். "அன்பும் அடக்கமும் நிறைந்தவர்" எண்டு போட்டிருக்கினம். அன்பு சரி. அடக்கம்? வாசிக்கேக்க உங்களுக்கே சிரிப்பு வந்திருக்கும். அக்காவோட கரம்போட் விளையாடித் தோத்த ஆக்கள்தானே நீங்கள் எல்லாரும்.

என்னையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லிக் கேட்டவை. நான் பத்தாம் வகுப்போட நிண்டவள், பார்சல் பிரிக்கிற இடத்தில வேலை, எனக்கு எழுத வராது எண்டு சொல்லிப்போட்டன். உண்மை என்னெண்டா, அப்ப கை ஓடேல்லை. இப்பவும் பெரிசா ஓடேல்லை. ஆனா அந்த மலரை நாலைஞ்சு தரம் திருப்பித் திருப்பிப் பாத்திட்டன், வேண்டிய விசயம் அதில ஒரு வரியும் இல்லை. அதால கதைக்கிற மாதிரியே எழுதுறன். பிழை கிடந்தா விடுங்கோ.

எங்கட அக்கா ஒரு வால்வெள்ளியின்ர பாதையைக் கணக்குப் பாத்துச் சொன்னவள். பதினாறு வயசில. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கின கிரவீனில, ஒரு வாடகை வீட்டின்ர பின் வளவில நிண்டு. இதை மலரில போடாமல் வேற என்னத்தைப் போடுறது?

அந்த வருசம் நான் ஏழாம் வகுப்பு, அக்கா பத்து. வீட்டில அம்மா, நாங்கள் ரெண்டு பேர், மாமா. அப்பா இல்லை. எப்பிடி இல்லாமல் போனார் எண்டது உங்களில கனபேருக்கு உங்கட வீட்டுக் கதையாவும் இருக்கும், அதால விடுறன். மாமா அம்மாவின்ர தமையன். கிழமை நாளில பிஸ்கற் பக்ரறி, சனி ஞாயிறில கமரா. நீங்கள் பெரிசானதுக்கு வச்ச சாமத்திய வீடு, உங்கட அக்காமாரின்ர கலியாணம் எல்லாம் அவர்தான் எடுத்தவர். வீடியோவின்ர கீழ் மூலையில மஞ்சள் எழுத்தில நேரம் ஓடிக்கொண்டிருக்கும், ஞாபகம் இருக்கோ? மற்ற வீடியோக்காரர் ஒருத்தரும் அப்பிடிப் போடுறேல்லை. மாமா மட்டும் விடமாட்டார். "ஊரில இருந்து பாக்கிற சனத்துக்கு எந்த நேரத்தில தாலி ஏறினது எண்டு தெரியோணும்" எண்டுவார்.

அக்காவுக்கு சண்டையிலயும் முகாமிலயுமா மூண்டு வருசப் பள்ளிக்கூடம் இல்லாமல் போயிட்டுது. இங்கிலிசும் மட்டு. அதால இஞ்ச வந்தவுடன கணக்கில ஆகக் கீழ் வகுப்பில போட்டிட்டினம். பீட்சாவை எட்டா வெட்டினா ஒரு துண்டு எவ்வளவு எண்டு படிப்பிக்கிற வகுப்பு. அக்கா அதை உடன முடிச்சுப்போட்டு, மிச்ச நேரம் முழுக்க யன்னலால வெளிய பாத்துக்கொண்டிருப்பாள். அடுத்த வருசம் மேல் கணக்கு எடுக்கோணும் எண்டு கணக்கு ரீச்சரிட்டப் போய்க் கேட்டவள். ரீச்சர் நல்ல மனிசி, கெட்ட எண்ணத்தில ஒண்டும் சொல்லேல்லை. "நீ இப்ப சந்தோசமா இருக்கிறாய். ஏன் தேவையில்லாத ஸ்ட்ரெஸ்?" எண்டிருக்கிறா.

அண்டைக்கு அக்கா சப்பாத்தும் கழட்டாமல் குசினிக்குள்ள வந்து நிண்டவள்.

"நான் சந்தோசமா இருக்கிறனாம், அம்மா."

"அது நல்லதுதானேடி."

"அம்மா!"

அடுத்த நாளும் போய்க் கேட்டிருக்கிறாள், அதுக்கடுத்த நாளும். கடைசியில ரீச்சர் அலுத்துப்போய், வருசம் முடிய முதல் நீயாச் செய்த கணக்கு ஏதாவது கொண்டு வந்து காட்டு, பிறகு பாப்பம் எண்டு சொல்லிப்போட்டா.

அந்த நேரம்தான் ரீவியில சொன்னவை, வால்வெள்ளி ஒண்டு வருதாம் எண்டு. வருசக் கடைசியில சூரியனுக்குக் கிட்டப் போய்ச் சுத்திக்கொண்டு, தைப்பொங்கல் மட்டில திரும்பி வரேக்க வெறும் கண்ணுக்கே தெரியுமாம். அம்மா உடன ரீவியை நிப்பாட்டினவ.

"வால்வெள்ளி கூடாது. ராசாவுக்கு ஆகாது."

"இஞ்ச ராசா இல்லையம்மா. ராணிதான்."

அப்ப ராணி இருந்தவதானே. அம்மாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. அதோட அந்தப் பிரச்சினை முடிஞ்சுது.

நான்தான் அடுத்த தடை. "உதெல்லாம் இன்ரநெற்றில கிடக்குதே அக்கா. எந்தப் பாதை, எந்தத் திகதி, எல்லாம் போட்டிருக்கினம்."

"கிடக்கு. கடையில இடியப்பமும்தான் கிடக்கு. அதைப் பாத்துச் சொன்னா நான் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை. நானே படம் எடுத்து நானே கணக்குப் பாத்துச் சொன்னாத்தான் கணக்குத் தெரிஞ்ச பிள்ளை. கடைசியில ரெண்டையும் வச்சு ஒத்துப் பாப்பம்."

படம் எடுக்க மாமாவின்ர கமரா வேணும். கலியாணத்துக்கு எண்டு வாங்கின நீட்டு லென்ஸ் ஒண்டும் அவரிட்ட இருந்தது, பின் வரிசையில நிண்டு மணவறையை எடுக்கிறதுக்கு.

"அது கலியாணக் கமரா, பிள்ளை. சிரிச்சாத்தான் வடிவா எடுக்கும்."

"வால்வெள்ளி கரைச்சல் தராது மாமா. பொம்பிளை வீட்டுச் சனம் மாதிரிக் குறுக்க வராது."

கிழமை நாளில தாறன், வெள்ளி பின்னேரத்தோட திருப்பித் தந்திடோணும் எண்டு ஒத்துக்கொண்டவர். முதல் நாளே அக்கா போனைப் பாத்து, கமராவின்ர மணிக்கூட்டை செக்கன் பிசகாமல் சரி பண்ணி வச்சவள். வால்வெள்ளிக் கணக்கில எங்க நிண்டது எண்டது மட்டும் காணாது, எத்தினை மணிக்கு நிண்டது எண்டதும் வேணும். ஒவ்வொரு படத்துக்குள்ளயும் கமரா அந்த நேரத்தை எழுதி வச்சிருக்கும்.

பின் வளவில குடை மாதிரிச் சுத்துற உடுப்புக் கொடி ஒண்டு நிண்டது. உங்கட வீடுகளிலயும் நிண்டிருக்கும். அக்கா ஒருநாள் என்னை அதில தொங்கச் சொன்னவள்.

"நீதான் பூமி. தொங்கு."

"கை நோகுது அக்கா."

"பூமிக்குக் கை நோகாது."

என்னைச் சுத்தி விட்டிட்டு, வேலியில இருந்து தேசி மரத்துக்கு நேரா நடந்து வந்தவள். "நான் எந்தப் பக்கம் போறன், சொல்லு."

"வலப் பக்கம்... இல்லை, பின்னுக்குப் போறாய்... ஐயோ, இப்ப முன்னுக்கு வாறாய்."

"நான் நேராத்தான் வந்தனான். நீ சுத்துறதால உனக்கு அப்பிடித் தெரியுது. நீ சுத்தினதைக் கழிச்சுப்போட்டு, நான் உண்மையா எப்பிடி வந்தனான் எண்டு கண்டுபிடிக்கோணும். அவ்வளவுதான் கணக்கு."

அவ்வளவுதானாம். அந்த நேரம் கொடியின்ர ஒரு கை முறிஞ்சு, நான் அம்மாவின்ர ஈரச் சீலையோட நிலத்தில. அம்மாவின்ர ஏச்சு ரெயில் ஸ்ரேசன் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனா நான் ஏழாம் வகுப்பில படிச்ச எல்லாத்திலயும் இப்பவும் மறக்காமல் நிக்கிறது அது ஒண்டுதான்.

பின்னேரம் இருட்டத் தொடங்க, ஊதாப் பூ மரத்துக்கு மேல அக்கா கமராவைத் திருப்புவாள். பூ விழுந்து நிலமெல்லாம் வழுக்கும். பக்கத்து வீட்டில வெங்காயம் வதக்கிற மணம் வரும், சில்வண்டு காதடைக்கக் கத்தும். வெறும் கண்ணுக்கு ஒண்டும் தெரியாது. படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தா வானத்து வெள்ளிகளுக்கு நடுவில பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு பொட்டு. அதுதான் ஆள். சுத்தி நிக்கிற வெள்ளிகளை அடையாளமா வச்சு, அந்தப் பொட்டு நிக்கிற இடத்தை அளப்பாள்.

பிறகு லப்ரொப். ஆரோ எறியக் குடுத்த லப்ரொப், அதில ஏழாம் இலக்கத்துக்கு மேல்மூடி இல்லை. காது துடைக்கிற பஞ்சுக் குச்சியால குத்தித்தான் ஏழு வரும். வால்வெள்ளிக் கணக்கில எவ்வளவு ஏழு வரும் எண்டு எனக்கு அப்பதான் தெரியும். எனக்கு விளங்கின மட்டில அவள் செய்தது இதுதான்: முதல்ல இப்பிடி ஒரு பாதையா இருக்கலாம் எண்டு நினைக்கிறது. அந்தப் பாதையில வந்தா இண்டைக்குப் பின்னேரம் எங்க நிக்கோணும் எண்டு கணக்குப் பாக்கிறது. பிறகு உண்மையா எங்க நிக்குது எண்டு படத்தில பாக்கிறது. வித்தியாசம் இருந்தா பாதையைக் கொஞ்சம் திருத்துறது. திரும்பவும் முதல்ல இருந்து. எனக்கெண்டா ரெண்டாம் நாளே விசர் பிடிச்சிருக்கும். அக்கா பாட்டும் படிச்சுக்கொண்டு செய்தவள்.

ஒரு மாதத்துக்குள்ள பாதை பிடிபட்டிட்டுது. "நாளைக்கு இந்த ரெண்டு வெள்ளிக்கும் நடுவில நிக்கும், பார்" எண்டுவாள். அடுத்த நாள் படத்தை எடுத்தா, அந்த ரெண்டுக்கும் நடுவில, சொல்லி வச்ச மாதிரி நிக்கும். மாமாவும் பக்ரறியால வந்து உடுப்பு மாத்தாமல், "என்ன, ஆள் வந்திட்டாரோ?" எண்டு கேட்கத் தொடங்கீட்டார்.

பிறகு அந்தக் கலியாணம் வந்தது.

பொம்பிளையின்ர தாய் ஆரெண்டா, கோயில் அன்னதானம் முழுக்க ஆரின்ர சொல்லில நடக்குமோ, அவதான். நாங்கள் எல்லாரும் அவவை அன்ரி எண்டுதான் கூப்பிடுறது, இஞ்சயும் அப்பிடியே சொல்லுறன். மாமாவுக்கு வாற கொண்டாட்டங்களில அரைவாசி அவ கைகாட்டி விடுறது. சனிக்கிழமை, பெண்டில் ஹில் பக்கத்து ஒரு கலியாண ஹோல். நான் தட்டம் தூக்கிற பிள்ளைகளில ஒராள். மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் ரோட்டு வேலையில மாட்டுப்பட்டு வரப் பிந்தினது, ஐயர் மந்திரத்தைக் கெதியாச் சொன்னது, அப்பளம் நமத்துப்போனது, எல்லாம் நினைவிருக்கு.

திங்கக்கிழமை பின்னேரம் அக்கா படம் எடுத்தவள். வால்வெள்ளி சொன்ன இடத்தில இல்லை. கொஞ்சம் தள்ளி முன்னுக்கு நிக்குது. செவ்வாயும் அப்பிடித்தான். புதனும். இருந்த பாதையைத் திருத்திப் பாத்தாள், பழைய படங்கள் எல்லாம் பிழைச்சுப்போகுது. பழசைச் சரியாக்கினா புதுசு பிழைக்குது. பாட்டு நிண்டிட்டுது. ரீச்சரிட்டக் கொண்டு போய்க் காட்டினதுக்கு, "குட் எஃபோர்ட்" எண்டு சொன்னாவாம். அக்காவுக்கு அந்த ரெண்டு சொல்லும் கன்னத்தில விழுந்த மாதிரி.

"விடு பிள்ளை," எண்டு அம்மா சொன்னவ. "அது வானத்தில போறது. அதுக்கு அது நினைச்ச மாதிரிப் போகும்."

"அதுக்கு நினைப்பு இல்லையம்மா. அதுதான் எனக்கு அதைப் பிடிக்கும்."

ஞாயிறு பின்னேரம் அக்கா உடைஞ்ச உடுப்புக் கொடியில ஒரு கயித்தை இழுத்துக் கட்டினவள். அந்தக் கயிறுதான் பாதை. ஒவ்வொரு நாளும் நிக்க வேண்டிய இடத்தில மஞ்சள் கிளிப். உண்மையா நிண்ட இடத்தில சிவப்புக் கிளிப். கிளிப் எடுத்துக் குடுத்தது நான். கட்டி முடிச்சிட்டு ரெண்டு அடி தள்ளி நிண்டு பாத்தவள். கன நேரம்.

"எடியே, வடிவாப் பார். சிவப்பு ஒண்டாவது கயித்தை விட்டு விலகி நிக்குதோ?"

"இல்லை. எல்லாம் கயித்திலதான்."

"நான் அளந்தது பிழையெண்டா மேலயும் போகும், கீழயும் போகும். இது வழியை விட்டு விலகவே இல்லை. வழியில நிண்டுகொண்டு, முந்தி வந்து நிக்குது."

"அப்ப கெதியா ஓடுதோ?"

"கெதியா ஓடினா ஒவ்வொரு நாளும் கூடக்கூட முந்தும். இது ஒவ்வொரு நாளும் ஒரேயளவு நேரம்தான் முந்துது. முக்கால் மணித்தியாலம். கலியாணத்துக்கு அடுத்த படத்தில இருந்து." என்ர தோளைப் பிடிச்சு உலுப்பினவள். "வால்வெள்ளி முந்தேல்லையடி. மணிக்கூடுதான் பிந்தீட்டுது!"

மாமா குசினியில புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா கதிரையை இழுத்து அவருக்கு முன்னால போட்டு இருந்தவள்.

"மாமா, உங்கட கமரா முக்கால் மணித்தியாலம் பிந்தி ஓடுது."

"விசர்க்கதை. நீதானே நேரம் வச்சனீ."

"நான் வச்சது சரி. அந்தக் கலியாணத்தோட பிழைச்சிட்டுது."

புட்டுக்குள்ள மாமாவின்ர கை நிண்டிட்டுது. "கமராவைத் திறந்து பாத்தனியோ?"

"இல்லை. நான் தொடேல்லை. நீங்களே திறந்து பாருங்கோ."

மாமா இடக்கையால கமராவைத் திறந்து, அடுப்புக்குப் பக்கத்தில இருந்த மைக்ரோவேவின்ர நேரத்தையும் பாத்து, கமராவையும் பாத்தார். முக்கால் மணித்தியாலம். அப்பிடியே.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"வால்வெள்ளி."

எனக்கு வாய் நிக்கேல்லை. "அன்ரி மணவறைக்குப் பின்னால வந்து மாமாவின்ர காதுக்குள்ள ஏதோ சொன்னவ! நான் தட்டத்தோட நிண்டனான். மாமா உடன கமராவைப் போட்டு நோண்டிக்கொண்டு நிண்டவர்."

மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து, குசினிக் கதவையும் சாத்திப்போட்டுச் சொன்னவர். முகூர்த்தம் முடிஞ்சு ராகு காலம் தொடங்கீட்டுதாம். தாலி இன்னும் ஏறேல்லை. வீடியோ ஊருக்குப் போகும். மாப்பிள்ளையின்ர பெரியம்மா அங்க கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையில ஓடுற நேரத்தைத்தான் முதல்ல பாப்பாவாம். அன்ரி அழாக் குறையாக் கேட்டிருக்கிறா. மாமா மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பி, நல்ல நேரத்தில தாலி கட்டுவிச்சிட்டார். பிறகு திருப்பி வைக்க மறந்து போனார். அவர் பாக்கிறது கையில கட்டின மணிக்கூட்டைத்தானே.

அம்மா சிரிச்ச சிரிப்பில தேத்தண்ணி கொட்டுப்பட்டுப்போச்சு. "ஊர்ச் சனத்தை ஏமாத்தினீங்கள் சரி அண்ணை. வால்வெள்ளியையுமோ?"

"வெளிய ஒருத்தருக்கும் மூச்சு விட்டிடாதேங்கோ," எண்டு மாமா என்னைத்தான் பாத்துச் சொன்னவர்.

அக்கா புதுப் படங்களின்ர நேரத்தில எல்லாம் முக்கால் மணித்தியாலத்தைக் கூட்டிப் போட்டாள். அவ்வளவுதான், எல்லாம் வந்து கயித்தில இருந்திட்டுது. நெற்றில பெரிய ஆக்கள் போட்ட பாதையையும் பக்கத்தில வச்சுப் பாத்தாள். மயிரிழைதான் வித்தியாசம். லப்ரொப்பை மூடிப்போட்டுப் போய், பிறிட்ஜில இருந்த மாம்பழத்தைத் தோலோட நிண்டபடியே திண்டவள். எனக்கு ஒரு துண்டும் தரேல்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால வந்தவள் சப்பாத்தை ஒழுங்காக் கழட்டி, சொக்ஸையும் அதுக்குள்ள வச்சு, சத்தமில்லாமல் உள்ள வந்தவள். போன தரத்தை விட இது மோசம் எண்டு எங்கள் எல்லாருக்கும் விளங்கீட்டுது. போன கிழமை காட்டின கணக்கு கண்டபடி பிழையா இருந்தது, இந்தக் கிழமை நெற்றில கிடக்கிற மாதிரியே சரியா வந்திருக்கு. "டிட் யூ கொப்பி திஸ்?" எண்டு ரீச்சர் மெதுவாக் கேட்டாவாம். மணிக்கூடு பிழைச்சது எண்டு அக்கா சொல்ல, மணிக்கூடு ஏன் பிழைக்கும் எண்டு கேட்டிருக்கிறா. அக்கா மாமாவைக் காட்டிக் குடுக்கேல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டாள்.

"மாமா, நீங்கள் வந்து சொல்லோணும்."

"வெளிய தெரிஞ்சா இனி ஒரு சாமத்திய வீடும் எனக்கு இல்லை, பிள்ளை."

அக்கா கெஞ்சேல்லை. "சரி மாமா. நான் பீட்சா வெட்டுறன்."

அடுத்த நாள் காலமை மாமா பக்ரறிக்குப் போகேல்லை. கலியாணங்களுக்குப் போடுற கோட்டைப் போட்டு, கமராப் பெட்டியோட வாசலில நிண்டவர். நானும் அவையோட ஒட்டிக்கொண்டு போனனான். பள்ளிக்கூட ஒபிசில, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒராளைப் போனில எடுக்கட்டோ எண்டு கேட்டவை. மாமா ரெண்டு கையையும் ஆட்டினார் பாருங்கோ. "நோ, நோ. நோ தமிழ் பீப்பிள்!" வெள்ளைக்காரருக்குச் சொல்லலாம், எங்கட ஆக்களுக்குச் சொன்னா மத்தியானத்துக்குள்ள கிரவீன் முழுக்கத் தெரிஞ்சிடும் எண்டு எனக்குக் காதுக்குள்ள சொன்னவர்.

ரீச்சருக்கு முன்னால கதிரை நுனியில இருந்து, நேரத்தைப் பொய் சொல்ல வச்சது தான்தான் எண்டு தன்ர இங்கிலிசில சொன்னவர்: "மிஸ், ஐ மேக் த ரைம் லை."

"வை?"

"பேட் ரைம், மிஸ். மேரேஜ் இன் பேட் ரைம். சோ ஐ கிவ் குட் ரைம்."

ரீச்சர் அக்காவைப் பாத்தா. அக்கா ராகு காலத்தை விளங்கப்படுத்தினாள். பாவம் அந்த மனிசி, சிரிக்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் உதட்டைக் கடிச்சுக்கொண்டிருந்தா. மாமா கமராவைத் திறந்து வச்சார். மணிக்கூட்டைத் தொட வேண்டாம் எண்டு அக்கா சொல்லி வச்சதால, அது இன்னும் அதே பிந்தலிலதான் ஓடிக்கொண்டிருந்தது. ரீச்சர் சுவரில இருந்த மணிக்கூட்டைப் பாத்தா, கமராவைப் பாத்தா, அக்கா எழுதின முக்கால் மணித்தியாலத்தைப் பாத்தா. பிறகு பிழையாப் போன கிழமையின்ர தாள்களைத் திருப்பி எடுத்து, ஒவ்வொரு வரியா வாசிக்கத் தொடங்கினா.

"கொப்பி அடிச்சிருந்தா இந்தப் பிழை உனக்கு வந்திராது," எண்டு கடைசியில இங்கிலிசில சொன்னா. "நான் உன்னைப் பிழையா நினைச்சிட்டன்."

அடுத்த வருசம் அக்கா மேல் கணக்கு வகுப்பில. மாமா வெளிய வந்தவுடன கோட்டைக் கழட்டித் தோளில போட்டுக்கொண்டு, "மூண்டு பேருக்கும் ஐஸ்கிரீம்" எண்டவர். எனக்கு அண்டைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, போகேல்லை.

பொங்கலுக்குப் பிறகு அக்கா சொன்ன பின்னேரம், குவேக்கர்ஸ் ஹில் பக்கம் புது வீடுகள் இன்னும் கட்டாத வெளியில நாங்கள் போய் நிண்டனாங்கள். சூரியனுக்குப் பின்னால போன வால்வெள்ளி எங்க வந்து எட்டிப்பாக்கும் எண்டு, பள்ளிக்கூடம் முடியிறதுக்கு முதலே அவள் கணக்குப் போட்டு வச்சிட்டாள். உங்களில கனபேர் அண்டைக்கு வந்தனீங்கள். மிக்சர் பையோட வந்தனீங்கள், பாய் விரிச்சனீங்கள். அன்ரியும் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தவ.

"பிள்ளை, உதைப் பாத்தா குடும்பத்துக்கு ஆகாது எண்டு சொல்லுறவை," எண்டு அன்ரி சீலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டவ.

"இது நல்ல நேரத்திலதான் வருது அன்ரி. மாமாட்டக் கேளுங்கோ."

மாமாவுக்கு இருமல் வந்திட்டுது. அன்ரி அக்காவைப் பாத்தா, மாமாவைப் பாத்தா, பிறகு எல்லாருக்கும் வடை குடுக்கத் தொடங்கினா. அப்பவே அவவுக்கு விளங்கீட்டுது எண்டு நினைக்கிறன்.

"அந்தக் கிரேனின்ர நுனிக்கு இடப் பக்கம்," எண்டு அக்கா கையை நீட்டினவள். வானம் செம்மஞ்சளா இருந்தது. ஒண்டும் தெரியேல்லை. ஆரோ பகிடி விட்டவை, "கிரேன்தான் வால்வெள்ளியோ?" எண்டு. அக்கா கையை இறக்கேல்லை. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா வடிய, அந்த விரல் நுனியில, ஆரோ சோக்கட்டியால கீறின மாதிரி மேல்நோக்கி ஒரு வால் வந்தது. சின்னப் பிள்ளையள் கத்தின சத்தத்தில நாயெல்லாம் குலைச்சுது. வந்த சனம் ஒண்டும் வால்வெள்ளியையே பாத்துக்கொண்டு நிக்கேல்லை எண்டு சொன்னா நம்புவீங்களோ? முதல்ல வானத்தைப் பாத்திட்டு, பிறகு எல்லாரும் அக்காவைத்தான் திரும்பிப் பாத்தவை. அது என்ர அக்கா.

காரில வரேக்க கேட்டனான், இனி எப்ப வரும் எண்டு.

"நாங்கள் ஒருத்தரும் இருக்க மாட்டம்."

"அப்ப என்ன பிரயோசனம்?"

"காணாட்டியும் எங்க நிக்குது எண்டு தெரியும்தானே."

பிறகு அக்கா படிச்சு முடிச்சு, பரமட்டாவில பஸ் நேரங்கள் போடுற ஒபிசில வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். பஸ் பிந்தினா அக்காவுக்குப் போன் எடுத்துப் பேசினதும் நீங்கள்தான். "நான் போட்ட நேரம் சரி, பஸ்தான் பிழை" எண்டு திருப்பிப் பேசுவாள். இரத்தத்தில மாறாத வருத்தம் எண்டு டொக்டர் சொன்ன நாளும் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில இருந்து மருந்து ஏறுற வேகத்தைக் கணக்குப் பாத்து, "பை முடியப்போகுது, நேர்சைக் கூப்பிடு" எண்டு சொன்னவள். அடங்கிக் கிடந்த நாள் எண்டு ஒண்டு நான் காணேல்லை. அடக்கமானவராம்.

கடைசியா ஒண்டு. இது உங்களில ஒருத்தருக்கும் தெரியாது.

செத்த வீட்டண்டைக்கு எங்களுக்குக் கிடைச்ச நேரம் புதன் மத்தியானம். எரிக்கிற இடத்தில வேற நேரம் இல்லை எண்டிட்டினம். புதன் மத்தியானம் ராகு காலம். மாமா இப்ப கமரா தூக்கிறதில்லை, கை நடுங்குது. ஆனா அண்டைக்கு மட்டும் ஊருக்கு அனுப்பத் தானேதான் எடுப்பன் எண்டு, அந்தப் பழைய கமராவை முக்காலி ஸ்ராண்டில நிப்பாட்டி வச்சுக்கொண்டு நிண்டவர். மூலையில மஞ்சள் எழுத்தில நேரம்.

அன்ரி அவருக்குப் பக்கத்தில போனவ. அவவுக்கும் இப்ப வயசு போயிட்டுது, பேரப்பிள்ளையள் மூண்டு. அந்தக் கலியாணத்துப் பிள்ளையள்தான், நல்லா இருக்குதுகள். நான் அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட இடத்துக்குக் கேட்கக் கூடியதாச் சொன்னவ.

"அண்ணை, அந்த மணிக்கூட்டைக் கொஞ்சம் பாத்து வையுங்கோவன். ஊரில பாக்கிற சனம் பிள்ளையைப் பற்றி ஏதும் கதைக்கும். அவளுக்கு எண்டாலும் ஒரு நல்ல நேரம் இருக்கட்டுமே."

மாமா கமராவில இருந்து கையை எடுத்து, முதுகுக்குப் பின்னால கட்டிக்கொண்டார். அக்கா கிடந்த பெட்டியைப் பாத்தபடியே சொன்னவர்:

"தொடமாட்டன். தொட்டா இவள் கண்டுபிடிச்சிடுவாள்."